போன் செய்துவிட்டு அளந்த கிணறு

மூன்று ஆண்டுகளாக நான் ஒரு கிணற்றுக்கு முன்கூட்டியே போன் செய்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன். அதை ஒரு நல்ல பழக்கம் என்றுதான் நினைத்திருந்தேன். வரிசையில் பொறுமையாக நிற்பது, சாப்பிட்ட தட்டை எடுத்துவைப்பது போன்ற மற்ற நல்ல பழக்கங்கள் எதுவும் என்னிடம் கிடையாது என்று வீட்டில் அவ்வப்போது நினைவூட்டப்படுவதால், இருக்கிற ஒன்றைப் பற்றிக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

கிணற்றுக்கு எதற்குப் போன் என்று சொல்வதற்கு முன் என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். தர்மபுரியில் ஒரு தனியார் கல்லூரியில் பொருளாதாரம் கற்பிக்கிறேன். இருபது வருடங்களுக்கு மேலாகக் கற்பித்தும் மாணவர்களுக்கோ பொருளாதாரத்துக்கோ பெரிய சேதம் எதுவும் இல்லை. எங்கள் துறைத் தலைவர் என்னைவிட வயதில் சிறியவர், என்னைவிட வேகமாக நடப்பவர். அவர் ஒரு நாள் ஒரு திட்டத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார். பசுமைப் பொருளாதார நோக்கில் ஒவ்வொரு ஊரின் நீடித்த வளர்ச்சியை அளப்பது. நிலத்தடி நீர், மரம், குப்பை, அடுப்பு, போக்குவரத்து, கழிப்பறை என்று முப்பத்துச் சொச்சம் சங்கதிகளைத் தனித்தனியாக அளந்து, எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டி, கடைசியில் களி உருண்டை மாதிரி பூஜ்யத்துக்கும் நூறுக்கும் நடுவில் ஓர் எண்ணாக உருட்டிக் கொடுக்க வேண்டும். உருண்டையைப் பார்த்து உள்ளே இருப்பது ராகியா, அரிசியா, மண்ணா என்று யாரும் கண்டுபிடிக்க முடியாது. அதுதான் குறியீட்டு எண்ணின் அழகு.

எனக்குக் கிடைத்தது கிணறு. "சார், நீங்கதான் இந்த ஏரியாவெல்லாம் நல்லாச் சுத்தியிருக்கீங்க" என்றார் துறைத் தலைவர். வேறு யாரும் போகத் தயாராக இல்லை என்பதற்கு எங்கள் கல்லூரியில் சொல்லும் மரியாதையான வார்த்தை அது. ஏழு ஊர்களில் ஏழு கிணறுகள். மாதம் ஒரு முறை ஸ்கூட்டரில் போய், முனையில் ஈயக்குண்டு கட்டிய இரும்பு நாடாவை இறக்கி, நீர்மட்டம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்று அளந்து, செல்போனில் இருக்கும் செயலியில் ஏற்ற வேண்டும். நாடாவின் கடைசிப் பகுதியில் சாக்பீஸ் தடவி இறக்கினால் நனைந்த இடம் நிறம் மாறித் தெரியும். எல்லா உபகரணங்களிலும் எனக்குப் பழக்கமானது அந்தச் சாக்பீஸ் மட்டும்தான்.

நான் சொல்ல வந்த கிணறு கடத்தூரிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு வறண்ட ஏரியின் கரைக்குக் கீழே, நாற்பது தென்னை மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. கல் கட்டிய சதுரக் கிணறு. ஒரு பக்கச் சுவரில் படிகள் இறங்கும். உரிமையாளர் ஓர் அக்கா. என்னைவிட ஓரிரு வயது இளையவராகக்கூட இருக்கலாம். ஆனால் கிணறு வைத்திருப்பவர்கள் எல்லோரும் எனக்கு அக்காதான். கணவர் இல்லை. மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டார். தென்னையும், தென்னைக்கு நடுவில் கொஞ்சம் சம்பங்கிப் பூவும், கேட்டருகே ஒரு நாயும்தான் அவர் குடும்பம்.

முதல் தடவை சொல்லாமல் போனேன். கம்பி வேலிக் கேட் பூட்டியிருந்தது. நாய் மட்டும் வீட்டில் இருந்தது. அது என்னைப் பார்த்தவுடன் ஆராய்ச்சியாளர்களைப் பற்றிய தன் கருத்தைச் சத்தமாகச் சொன்னது. ஒரு மணி நேரம் கழித்து அக்கா கடத்தூர்ச் சந்தையிலிருந்து வந்தார்.

"என்னாங்க சார், இவ்ளோ நேரம் வெயில்ல நின்னுகினு. ஒரு போன் பண்ணிட்டு வரக் கூடாதுங்களா?"

அன்று வெயிலுக்குப் பயந்து அளக்காமலே, நம்பரை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினேன். அன்றிலிருந்து மாதாமாதம் சனிக்கிழமை போவதென்றால் வியாழக்கிழமையே போன். "அக்கா, நாளன்னைக்கு வர்றேங்க." "வாங்க சார், வாங்க. கெணறு எங்க போயிடப் போவுது." போனால் கேட் திறந்திருக்கும். நாயைக் கட்டியிருப்பார்கள். கிணற்றைச் சுற்றி வாசல் கூட்டியது போலக் கூட்டியிருக்கும். தண்ணீர் பதினாலாம் படியில் கண்ணாடி மாதிரி நிற்கும். நாடாவை இறக்கினால் ‘டொப்’ என்று கேட்கும். அந்தச் சத்தத்துக்கு ஒரு நிம்மதி உண்டு. அளந்து முடித்ததும் களியும் கீரைக் கடைசலும் கிடைக்கும். அந்தக் கீரையைப் பற்றி வீட்டில் புகழ்ந்து பேசி நான் பட்ட பாடு தனிக் கதை.

மற்ற கிணறுகளுக்கும் இதே மரியாதையை விரித்தேன். ஏழில் நான்கு பேர் போனை எடுத்து வாங்க என்றார்கள். மூன்று பேர் எடுப்பதே இல்லை. இண்டூர்ப் பக்கத்துக் கிணற்றுக்காரர் என் நம்பரை ஏதோ கடன் கொடுக்கிற கம்பெனி என்று நினைத்து பிளாக் பண்ணிவிட்டார். அங்கெல்லாம் போனால் யாரும் இருக்க மாட்டார்கள். கூட்டியிருக்காது. கிணறும் அடிமட்டத்தில் கிடக்கும். என்ன ஊரோ என்று அளந்து எழுதிக்கொண்டு வருவேன்.

இப்படியாக மூன்று வருடம். செயலியில் வரைபடம் போட்டுப் பார்த்தால் அக்காவின் கிணறு ஒரு நேர்கோடு. மழை வந்தாலும் அதே படி, வராவிட்டாலும் அதே படி. ஊர் வரைபடத்தில் சுற்றிலும் சிவப்பாகவும் மஞ்சளாகவும் இருக்க, அந்த ஊர் மட்டும் பச்சை. துறைத் தலைவர் அதைப் பெரிய திரையில் போட்டு ஒரு கருத்தரங்கில் பேசினார். அவருக்கு அடுத்து நானும் பேசினேன். அந்த ஊர் மக்கள் தங்களுக்குள் கட்டுப்பாடு வைத்து நீரை அளவாக எடுக்கிறார்கள் என்றும், இதுவே சமூகம் சார்ந்த நீர் மேலாண்மை என்றும் இருபது நிமிடம் விளக்கினேன். கைதட்டினார்கள். இப்போது நினைத்தால், நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. அவர்கள் உண்மையிலேயே கட்டுப்பாடு வைத்திருந்தார்கள். மாதத்தில் இரண்டு நாள்.

இதற்கு நடுவில் வறண்ட ஏரிகளுக்குக் குழாய் வழியாக ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பும் வேலை ஒன்று ஆரம்பமானது. எல்லா ஏரிக்கும் ஒரே நேரத்தில் தர முடியாது. முதலில் எந்த ஏரிகள் என்று முடிவுசெய்ய ஒரு குழு அமைத்தார்கள். குழுவுக்கு ஓர் எண் தேவைப்பட்டது. எங்களிடம் எண் இருந்தது. நிலத்தடி நீர் மோசமாக இருக்கும் ஊர்களுக்கு முதலில் என்பது விதி. நியாயமான விதிதான். குறைசொல்ல ஒன்றுமில்லை.

அந்தச் சமயத்தில் என் மனைவிக்குத் தீர்த்தமலையில் ஒரு வேண்டுதல் இருந்தது. மலையேறி இறங்கினோம். முழங்கால்கள் நான்கும் தனித்தனியாகப் பேச ஆரம்பித்த நிலையில் காரில் திரும்பும்போது, "அந்தக் கீரைக் கடைசல் அக்கா வூடு இந்தப் பக்கந்தானே? அப்படியென்ன கடையறாங்கன்னு நானும் ஒரு தடவை பாக்குறேன்" என்றாள். அதில் இருந்த கூர்மையைக் கவனித்தும் கவனிக்காத மாதிரி காரைத் திருப்பினேன். போன் செய்யவில்லை. மலையிலேயே சார்ஜ் தீர்ந்திருந்தது.

கேட் பாதி திறந்திருந்தது. நாய் கட்டப்படவில்லை. தூரத்தில் நாலாபக்கமும் மோட்டார் ஓடும் சத்தம். அக்கா சம்பங்கிப் பாத்தியில் மண்வெட்டியோடு நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் போன போக்கை என்னால் மறக்க முடியவில்லை. சம்பந்தி வீட்டார் வந்து நிற்கும்போது கூட்டாத வாசலும் கழுவாத பாத்திரமுமாகப் பிடிபட்டால் ஒரு முகம் வருமே, அந்த முகம்.

"என்னாங்க சார், இப்படி திடுதிப்புனு... ஒரு போன் பண்ணியிருக்கக் கூடாதுங்களா? வாங்கக்கா, வாங்க. அய்யோ சார், அங்க போவாதீங்க, இங்க வந்து உக்காருங்க."

ஆனால் கால்கள் பழக்கத்தில் கிணற்றுப் பக்கம் போய்விட்டன. எட்டிப் பார்த்தேன். பதினாலாம் படி காய்ந்து வெள்ளையாக இருந்தது. அதற்குக் கீழும் படிகள். கடைசிப் படியும் முடிந்து, பாறையில் ஓர் அண்டா அளவுக்குக் கலங்கல் தண்ணீர். அதற்குள்ளிருந்து குழாய் மேலே வந்துகொண்டிருந்தது.

"தண்ணி எங்கக்கா?" என்றேன்.

"அது... நீங்க வர்றதுன்னா ரெண்டு நாளு முன்னாடியே மோட்டார நிறுத்திடுவோங்க. நான் மட்டும் நிறுத்துனா ஏறாது சார். சுத்துப்பட்டு பதினொரு தோட்டத்துக்காரங்ககிட்டயும் சொல்லிடுவேன். அல்லாரும் நிறுத்திடுவாங்க. ஊத்து சேந்து மேல ஏறிடும்."

"ஏங்க அப்படி?" என்று கேட்டது என் மனைவி.

"காலேஜிலருந்து ஒருத்தரு நம்ம ஊரு கெணத்தப் பாக்க வர்றாரு. அது காஞ்சு கெடந்தா நமக்குத்தானேக்கா அசிங்கம்? வூட்டுக்கு ஆளு வந்தா கூட்டி வெக்கிறதில்லீங்களா?"

"ரெண்டு நாள் தண்ணி இல்லாம பூவெல்லாம்?"

"வாடுங்கக்கா. மாசத்துல ரெண்டு நாளுதானே. பாவம் சார், வெயில்ல வண்டில வர்றாரு."

என் மனைவி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைப் பலவிதமாகப் பார்த்திருக்கிறாள். இது புதிது.

அக்கா விடவில்லை. "சார், ஏரிக்கெல்லாம் தண்ணி வுடப் போறாங்களாமே. நம்ம ஏரி பேரு வந்துடும்ல? மூணு வருசமா நல்ல மார்க்கு வாங்கியிருக்குதே நம்ம கெணறு."

அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. அவர்கள் வெறும் மானத்துக்காக மட்டும் செய்யவில்லை. கல்லூரி வாத்தியார் வந்து அளந்து எழுதினால் அது பரீட்சை. பரீட்சையில் நல்ல மார்க் வாங்குகிறவர்களுக்குத்தான் பரிசு. ஊரே சேர்ந்து படித்திருக்கிறது.

"மேல பாருங்க சார்" என்று மரங்களைக் காட்டினார். கொண்டைகள் சின்னதாகி, மட்டைகள் குடைக்கம்பி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன. "ஏரியில தண்ணி நின்னா நம்ம கெணத்துக்கு ஊத்து வந்துடும். மரம் பொழச்சிக்கும். இல்லீனா இந்த வருசந்தான். செங்கச் சூளைக்காரரு வெறகுக்குக் கேட்டு வந்து ஒவ்வொண்ணா தட்டிப் பாத்துட்டுப் போறாரு. நம்ம புள்ளைய பொண்ணு பாக்க வந்த மாதிரி இருக்குது சார், வவுத்தெரிச்சலா."

விதி நேரெதிர் என்று சொல்ல வாயைத் திறந்தேன். "வரும்க்கா" என்று வந்தது. காரில் ஏறியதும் மனைவி ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள். "கீரை நல்லாத்தான் இருந்திருக்கும்."

மறுநாளே செயலியைத் திறந்து, கண்ணால் கண்ட உண்மையான ஆழத்தைப் போட்டேன். கட்டம் சிவப்பாகியது. முந்தைய அளவோடு பொருந்தவில்லை, காரணம் என்ன என்று கேட்டது. தேர்ந்தெடுக்க நான்கு காரணங்கள் இருந்தன: மழை, கருவிக் கோளாறு, கிணறு மூடப்பட்டது, இதர. ‘இதர’வைத் தொட்டால் எழுதுவதற்கு ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் இருபது எழுத்துக்கு மேல் ஏறாது. மூன்று வருடத்து விருந்தோம்பலை நான் இருபது எழுத்தில் எழுதிப் பழகியதில்லை.

அனுப்பாமல் செயலியை மூடிவிட்டுத் துறைத் தலைவரிடம் போனேன். அவர் முழுவதும் கேட்டார். கேட்டுவிட்டு நிம்மதியாகச் சிரித்தார்.

"இதுல என்ன சார் இருக்கு? அளக்குறதுக்கு முன்னாடி மோட்டாரை நிறுத்தறதுதானே முறை? ஓய்வுல இருக்கற லெவலத்தானே எடுக்கணும்?"

"ரெண்டு மணி நேரம் நிறுத்தறது முறை சார். பன்னெண்டு தோட்டம் ரெண்டு நாள் பட்டினி கிடக்கறது முறை இல்ல."

அவர் முகம் மெல்ல மாறியது. "சார்... நீங்க அந்த ஒரு கிணத்துக்கு மட்டுந்தானே போன் பண்ணீங்க?"

அவர் சுவரில் இருந்த வரைபடத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பேருமே இத்தனை நாள் பார்க்காததை ஒரே நேரத்தில் பார்த்தோம். பச்சையும் மஞ்சளுமாக இருந்தவை நான்கு ஊர்கள். நான்கும் என் போனை எடுக்கிறவை. சிவப்பாக இருந்தவை மூன்று. அந்த மூன்று ஊர் ஏரிகள்தான் குழு தயாரித்த முதல் பட்டியலில் இருந்தன. நிலத்தடி நீரை அளக்கிறேன் என்று மூன்று வருடமாக நான் அளந்தது, யார் போனை எடுக்கிறார்கள், யார் எடுப்பதில்லை என்பதை.

"யார்கிட்டயும் பேசாதீங்க சார்" என்றார் துறைத் தலைவர். "யோசிப்போம்."

யோசிப்பதற்குள் ஊரிலிருந்து மனு வந்தது. பட்டியல் வெளியாகி, தங்கள் ஏரியின் பெயர் இல்லை என்று தெரிந்து, ஆட்சேபம் தெரிவித்து எழுதியிருந்தார்கள். ஆட்சேபங்களுக்குப் புள்ளிவிவரத்தோடு விளக்கம் தருகிற பொறுப்பு எங்கள் துறைக்கு. எங்கள் துறையில் கிணறு என்றால் நான். மனு நேராக என் மேசைக்கு வந்துவிட்டது. எங்கள் ஊர்க் கிணற்றில் மூன்று ஆண்டுகளாக நீர்மட்டம் மிகச் சிறப்பாக இருப்பதைக் கல்லூரிப் பேராசிரியரே அளந்து உறுதி செய்துள்ளார், எனவே எங்கள் ஏரிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்று நீல மையில் இருந்தது. முதல் கையெழுத்து அக்காவுடையது. கீழே பதினொரு தோட்டத்துக்காரர்கள். என்னுடைய புள்ளிவிவரத்தைச் சான்றாக வைத்து எனக்கே வந்த மனு. விதிப்படி நான் எழுத வேண்டிய பதில் ஒரே வரிதான்: மனுதாரர்களே ஒப்புக்கொண்டபடி நீர்மட்டம் சிறப்பாக உள்ளதால் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது.

அந்த மனுவைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் அலைந்தேன். அக்காவுக்குப் போன் செய்து உண்மையைச் சொல்லிவிடலாம் என்று பத்து தடவை நம்பரை எடுத்தேன். என்ன சொல்வது? நான் வருகிறேன் என்றால் தண்ணீர் ஏறும். தண்ணீர் இல்லாத ஊருக்குத்தான் ஏரி நிரம்பும் என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னால், பன்னிரண்டு மோட்டாரும் சேர்ந்து ஓடி, பாறையைச் சுரண்டி, கிணற்றை உலர்த்திக் கூட்டி வைத்திருப்பார்கள். அதுவும் எனக்காக, அதே அன்போடு. எதைச் சொன்னாலும் அந்தக் கிணறு என் பேச்சைக் கேட்கிற கிணறாகிவிட்டது. சொல்லாமல் இருப்பது ஒன்றுதான் மிச்சம். பேசிப் பிழைக்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று பேசிப் பிழைக்காதவர்களுக்குப் புரியாது.

கடைசியில் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். துறைத் தலைவர் மூலமாகத்தான் போக வேண்டும். அவர் படித்துவிட்டு வெகுநேரம் பேப்பர் வெயிட்டை உருட்டினார். எனக்காகக் கொஞ்சம், அவருக்காக நிறைய வருத்தப்பட்டார் என்று நினைக்கிறேன். என் கடிதத்தில் ‘என் தவறு’ என்று இருந்த இடத்தில் ‘அளவீட்டு முறையில் செய்யப்படவுள்ள மேம்பாடு’ என்று திருத்தி அனுப்பினார். மூன்று இடங்களில் தவறு செய்திருந்தேன். மூன்றும் மேம்பாடாகிவிட்டன.

குழு நியாயமாகவே நடந்துகொண்டது. இரண்டு பொறியாளர்கள் நேரில் வந்து மீண்டும் அளப்பார்கள். ஒரே நிபந்தனை, கிணற்றுக்காரர்கள் யாருக்கும் முன்கூட்டித் தகவல் போகக் கூடாது. சொல்லும்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

ஜீப்பில் பின்சீட்டின் நடுவில் உட்காரவைத்தார்கள். ஒரு பக்கம் துறைத் தலைவர், இன்னொரு பக்கம் இளம் பொறியாளர். அவர் முழங்கை என் விலாவில். மொரப்பூர் ரோட்டில் திரும்பி, கடத்தூருக்கு இன்னும் பாதி வழி இருக்கும்போது என் சட்டைப்பையில் போன் அடித்தது. அக்கா. ஜீப்பில் பேச்சு நின்றது.

"எடுங்க சார்" என்றார் முன்சீட்டில் இருந்த பெரிய பொறியாளர், திரும்பாமல். "ஸ்பீக்கர்ல போடுங்க."

"சார், நாந்தாங்க. ஏரி வெசயமா ஆபீசருங்கல்லாம் வரப் போறாங்கன்னு டீக்கடையில பேசிக்கினு இருந்தாங்களாம். நெசங்களா சார்?"

"அப்படி... யாருக்கா சொன்னது?"

"எப்பன்னு மட்டும் சொல்லிடுங்க சார். இன்னிக்குப் பாத்து அல்லாரும் மோட்டாரு போட்டுக்கினு இருக்காங்க. கெணறு கெடக்கிற கெடையில யாராச்சும் வந்து பாத்தா நம்ம ஏரி பேரு போயிடுமே."

என் தொடையில் துறைத் தலைவரின் விரல் ஒன்று அழுத்தியது.

"இல்லீங்கக்கா. யாரும் வரல. சும்மா யாராச்சும் கிளப்பி விட்டிருப்பாங்க."

"அப்படிங்களா. சேரிங்க சார்." ஒரு நிமிடம் நாயைத் திட்டிவிட்டு மறுபடி வந்தார். "அதானே. நீங்க சொல்லாம வர மாட்டீங்களே."

போனை வைத்தேன். இளம் பொறியாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த ஜீப்பில் இருந்து குதிப்பதற்கு வழி இல்லை, நான் நடுவில் இருந்தேன். அன்றைய ‘வரும்க்கா’வுக்குப் பிறகு என் வாயால் அந்த அக்காவுக்குப் போன இரண்டாவது பொய், அவருக்காகச் சொன்ன பொய் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டு வந்தேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்கு விளக்குவது மாதிரி இருந்தது.

ஜீப் கேட்டில் நின்றபோது அக்கா மடித்துக் கட்டிய சேலையும் சேற்றுக் காலுமாக நின்றிருந்தார். நான்கு பேர் இறங்கினோம். அவர் மூன்று பேரைப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தார்.

பெரிய பொறியாளர் முறை தெரிந்தவர். இந்தக் கிணற்று மோட்டாரை மட்டும் நிறுத்தச் சொன்னார். "ரெண்டு மணி நேரம் பார்ப்போம்." அந்த இரண்டு மணி நேரமும் கிணற்று மேட்டில் உட்கார்ந்திருந்தோம். நிழல் கொடுக்க மரங்களுக்கு மட்டைகள் போதவில்லை. அக்கா வீட்டுக்குள் போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். அவர்கள் மூவருக்கும் கையில் கொடுத்தார். என் டம்ளரைக் கிணற்றுச் சுவரில் வைத்துவிட்டுப் போனார். குடிக்கலாமா வேண்டாமா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். தாகமாக இருந்தது. குடித்தேன். இங்கே ஒரு மோட்டாரை நாங்கள் நிறுத்தி வைத்திருக்க, பக்கத்துத் தோட்டங்களில் மோட்டார்கள் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தன. அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை.

நேரம் முடிந்ததும் பெரிய பொறியாளர் நாடாவை இறக்கினார். இறங்கிக்கொண்டே போனது. பதினாலாம் படியைத் தாண்டியது. நான் காதைத் தீட்டிக்கொண்டு அந்த ‘டொப்’புக்குக் காத்திருந்தேன். ஈயக்குண்டு பாறையில் ‘ணங்’ என்று இடித்தது.

"இவ்வளவுதானா?" என்றார் அவர், யாரிடமும் இல்லாமல்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ரெண்டு நாளு முன்னாடி சொல்லியிருந்தா இப்படி இருக்காதுங்க" என்றார் அவரிடம். "நல்லா இருக்கிற கெணறுங்க இது. சாரக் கேளுங்க. சாருக்குத் தெரியும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "தெரியும்க்கா" என்றேன்.

மற்ற மூன்று ஊர்களிலும் இதே கதைதான். என் மரியாதைக்கு ஆளான நான்கு ஊர்களும் ஒரே வாரத்தில் சிவப்பாகிவிட்டன. இப்போது ஏழும் சிவப்பு. ஏழும் சிவப்பானால் யாருக்கு முதலில் என்பதற்கு எங்கள் எண்ணிடம் பதில் இல்லை. முதலில் பட்டியலில் இருந்த மூன்றுக்கு வேலை ஏற்கெனவே தொடங்கிவிட்டதால் அவை முதல் கட்டம். அக்காவின் ஏரியும் மற்றவையும் இரண்டாம் கட்டம். பெயர் வந்துவிட்டது. தண்ணீர் வரவில்லை. ரோட்டோரம் கறுப்புக் குழாய்களைக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். அதன் மேல் உட்கார்ந்து சிலர் சீட்டாடுவதைப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன்.

அடுத்த மாதம் சனிக்கிழமை வந்தது. வியாழக்கிழமை முழுவதும் போனைக் கையில் எடுத்து எடுத்து வைத்தேன். சொல்லாமல்தான் போனேன். கேட் பூட்டியிருந்தது. நாய் தன் பழைய கருத்தை மாற்றிக்கொண்டிருக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் எண்ணிப் பார்த்தேன். முப்பத்தி நாலு மரம். ஆறு இடத்தில் புது மண்.

முக்கால் மணி நேரம் கழித்து அக்கா பூக்கூடையோடு வந்தார். என்னைப் பார்த்துவிட்டுப் பூட்டைத் திறந்தார். நான் உள்ளே போகலாமா என்று நின்றேன்.

"கெணறு காஞ்சு கெடந்தாத்தான் தண்ணி தருவாங்கன்னு மொதல்லயே சொல்லியிருக்கலாமுல்ல சார்?" என்றார், முதுகைக் காட்டியபடியே.

"சொல்லியிருந்தா என்னக்கா பண்ணியிருப்பீங்க?"

பூக்கூடையை இறக்கி வைத்தார். "காய வெச்சிருப்போம்."

"அதான் சொல்லல."

"அது சேரி" என்றார். சமாதானமா, கோபமா என்று தெரியவில்லை. பூட்டோடு இருந்த இரண்டு சாவிகளில் ஒன்றைக் கழற்றி என் கையில் போட்டார். "இந்தாங்க. எப்ப வேணா வாங்க, அளந்துக்கங்க. நான் இருந்தாலும் சேரி, இல்லாட்டியும் சேரி. போனு மட்டும் பண்ணாதீங்க."

அந்தச் சாவி இப்போது என் ஸ்கூட்டர் சாவியோடு கோர்த்திருக்கிறது. வண்டியை எடுக்கும்போதெல்லாம் கிணற்றுச் சாவியும் சேர்ந்து ஆடுகிறது. கல்லூரிக்குப் போனாலும் ஆடுகிறது, கறிக்கடைக்குப் போனாலும் ஆடுகிறது. போகாமல் இருக்கலாம் என்றால் பூட்டிய கேட்டைக் காரணம் சொல்ல முடியாது.

அன்று நானே நாடாவை இறக்கினேன். பக்கத்தில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா அதை நிறுத்தவில்லை. நானே போய் நிறுத்திவிட்டு, இரண்டு மணி நேரம் வெயிலில் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் அளந்தேன். களி பற்றிய பேச்சு வரவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. கொஞ்சம் எதிர்பார்த்தேன்.

செயலியில் ஆழத்தைப் போட்டேன். கட்டம் சிவப்பாகியது. என் பழைய அளவுகளை இன்னும் யாரும் அழிக்கவில்லை. முந்தைய அளவோடு பொருந்தவில்லை, காரணம் என்ன என்று கேட்டது. மழை இல்லை. கருவியில் கோளாறு இல்லை. கிணறு திறந்துதான் கிடக்கிறது. ‘இதர’வைத் தொட்டேன். அந்தச் சின்னக் கட்டம் வந்தது. இந்தத் தடவை எழுத்துகள் போதுமானதாக இருந்தன.

‘போன் செய்யவில்லை’ என்று எழுதி அனுப்பினேன்.